ஒரு ஆட்டம்கூடத் தோற்காத வருஷம்: 1972 மியாமி டால்ஃபின்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்க ஆரம்பிக்கிற யாரும் ஒரு கட்டத்தில் இந்த அணியின் பெயரில் வந்து முட்டிக்கொள்வார்கள். ஏதாவது ஒரு அணி சீசனின் முதல் எட்டு, ஒன்பது ஆட்டங்களைத் தொடர்ந்து ஜெயித்துவிட்டால் போதும், "இது 72 மியாமி மாதிரி ஆகிவிடுமோ" என்ற பேச்சு கிளம்பிவிடும். அந்தப் பேச்சைக் கேட்டு "அது யாரப்பா?" என்று குழம்புகிறவர்களுக்காகத்தான் இது. நான் பழைய ஆட்டப் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிற ஆள், அதனால் சில இடங்களில் கொஞ்சம் நீட்டி முழக்குவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்படி என்னதான் செய்தார்கள்?

1972 சீசனில் வழக்கமான ஆட்டங்கள் 14, அதற்குமேல் தோற்றால் வெளியே என்ற பிளே ஆஃப் 2, கடைசியில் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் 1. மொத்தம் 17. பதினேழையும் ஜெயித்தார்கள். என்.எஃப்.எல். 1920இல் தொடங்கிய அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீக். இத்தனை வருஷத்தில் தோல்வியும் இல்லாமல், டிராவும் இல்லாமல், கடைசி ஆட்டம்வரை ஜெயித்துக் கோப்பையையும் தூக்கிய அணி இது ஒன்றுதான். 1920களில் தோற்காமல் பட்டம் வாங்கிய அணிகள் சில உண்டு, ஆனால் அவற்றின் கணக்கில் டிரா இருக்கும்.

எனக்கு இந்த விளையாட்டே தெரியாது. எவ்வளவு தெரிந்தால் போதும்?

இவ்வளவு போதும். 100 யார்டு மைதானம். பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு. முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு, இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. பந்தை எடுத்துக்கொண்டு ஓடலாம், அல்லது குவார்ட்டர்பேக் என்பவர் முன்னால் ஓடுகிறவருக்கு எறியலாம். எல்லைக் கோட்டைத் தாண்டினால் டச் டவுன், 6 புள்ளி, அதன்பின் ஓர் உதைக்கு இன்னும் 1. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஃபீல்ட் கோல், 3 புள்ளி. எதிரணி எறிந்த பந்தை நம் ஆள் பிடித்துவிட்டால் அது இன்டர்செப்ஷன், பந்து நமக்கு. அப்புறம் எல்லாம் ஆட்டத்தைப் பார்க்கப் பார்க்கத் தானாகப் புரியும்.

முந்தைய வருஷம் இவர்கள் எப்படி இருந்தார்கள்?

இங்கேதான் கதையே ஆரம்பிக்கிறது. 1972 ஜனவரி 16, நியூ ஆர்லீன்ஸ், சூப்பர் பவுல் 6. எதிரே டாலஸ் கௌபாய்ஸ். மியாமி 24-3 என்று உதை வாங்கியது. ஒரு டச் டவுன்கூட இல்லை. அந்த ஆட்டத்தின் ஒரு காட்சி எல்லாவற்றையும் சொல்லிவிடும்: மியாமியின் குவார்ட்டர்பேக் பாப் கிரீஸி பந்தை எறிய ஆள் கிடைக்காமல் பின்னால் ஓடுகிறார், டாலஸின் பாப் லில்லி துரத்துகிறார், அவர் இடப்பக்கம் திரும்ப, வலப்பக்கம் திரும்ப, பின்னால், இன்னும் பின்னால், கடைசியில் 29 யார்டு பறிபோய் விழுகிறார். பெரிய ஆட்கள் சின்னப் பையனை மைதானத்தில் விரட்டுகிற மாதிரி இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. அப்போதைய ஜனாதிபதி நிக்சனுக்கு மியாமி பக்கத்திலேயே கீ பிஸ்கேனில் வீடு. ஃபுட்பால் பைத்தியம். ஆட்டத்துக்கு முன்னால் பயிற்சியாளர் டான் ஷூலாவுக்கே போன் போட்டு, பந்து பிடிக்கிற பால் வார்ஃபீல்டுக்கு இப்படி ஒரு பந்து எறிந்தால் பலிக்கும் என்று யோசனை சொன்னார். எறிந்தும் பார்த்தார்கள். பலிக்கவில்லை. அடுத்த வருஷ சூப்பர் பவுலில் நிக்சன் எதிரணியான வாஷிங்டன் பக்கம் சாய்ந்துவிட்டார், மியாமிக்காரர்கள் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை.

ஷூலா எப்படிப்பட்ட ஆள்?

கறார் பேர்வழி. 1970இல் பால்டிமோர் கோல்ட்ஸை விட்டு மியாமிக்கு வந்தார். வந்த விதம் முறையில்லை என்று பால்டிமோர் புகார் செய்ய, லீக் தண்டனையாக மியாமியின் 1971 முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பைப் பிடுங்கி பால்டிமோருக்குக் கொடுத்தது (டிராஃப்ட் என்றால் கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது). மியாமி அதற்கு முந்தைய 1969 சீசனில் 3 வெற்றி, 10 தோல்வி, 1 டிரா என்று கிடந்த அணி, 1966இல்தான் பிறந்தது. ஷூலா வந்த முதல் வருஷமே 10-4, அதாவது 10 வெற்றி, 4 தோல்வி. வந்ததும் ஒரு நாளைக்கு நான்கு முறை பயிற்சி வைத்தார். ஃபுளோரிடா வெயிலில், நான்கு முறை! வீரர்கள் அவரைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல, பிற்காலத்தில் அதே ஆட்கள்தான் கடைசிக் கால்மணி நேரத்தில் எதிரணி மூச்சு வாங்கும்போது நாங்கள் நிமிர்ந்து நின்றோம் என்று பெருமையாகச் சொன்னார்கள்.

ஆனால் 1972 தொடங்கும்போது ஷூலா மீது ஒரு முத்திரை இருந்தது: பெரிய ஆட்டத்தை ஜெயிக்கத் தெரியாதவர். 1969 ஜனவரியில் பால்டிமோரை வைத்துக்கொண்டு நியூயார்க் ஜெட்ஸிடம் 16-7 தோற்றார். பால்டிமோர் 18 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று எல்லோரும் எழுதிவைத்திருந்த ஆட்டம் அது. பிறகு டாலஸிடம். இரண்டு சூப்பர் பவுல், இரண்டும் போச்சு.

இந்த அணி பந்தை எறியாமல் ஓடியே ஜெயித்ததாமே?

கிட்டத்தட்ட. 14 ஆட்டத்தில் 2,960 யார்டு ஓடினார்கள், அன்றைக்கு அது லீக் சாதனை. மூன்று ரன்னிங் பேக், அதாவது பந்தோடு ஓடுகிறவர்கள். லாரி சோங்கா, சுமார் 107 கிலோ, மூக்கு எத்தனை தடவை உடைந்தது என்று அவருக்கே கணக்கில்லை, எதிரே ஆள் நின்றால் சுற்றிப் போக மாட்டார், மேலேயே ஏறிப் போவார். மெர்க்குரி மோரிஸ், பெயருக்கேற்ற பாதரசம், ஓரமாக ஒரு இடைவெளி தெரிந்தால் காணாமல் போய்விடுவார். ஜிம் கிக், இரண்டுக்கும் நடுவே, தேவைப்பட்ட இரண்டு யார்டைத் தவறாமல் எடுத்துத் தருகிறவர். அந்த வருஷம் மோரிஸ் மேலே வந்ததால் கிக்கின் ஆட்ட நேரம் குறைந்துபோனது, அவருக்கு அதில் வருத்தம்தான். ஆனால் பிளே ஆஃப் வந்தபோது முக்கியமான டச் டவுன்களைப் போட்டது யார் என்று கீழே பாருங்கள்.

சோங்கா 1,117 யார்டு, மோரிஸ் சரியாக 1,000. ஒரே அணியில் இருவர் ஆயிரத்தைத் தொட்டது அதுவே முதல் தடவை. மோரிஸ் கணக்கில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. சீசன் முடிந்தபோது அவர் எண் 991தான். ஒரு ஆட்டத்தில் பந்து கைமாறும்போது தவறிப்போன 9 யார்டு இழப்பை அவர் தலையில் எழுதியிருந்தார்கள். லீக் படத்தைப் போட்டுத் திரும்பப் பார்த்து, அது அவர் கணக்கு இல்லை என்று அடித்துவிட்டது. 991 கூட்டல் 9. மளிகைக்கடைக் கணக்கு மாதிரி நேராகிவிட்டது.

விதி மாற்றமும் கைகொடுத்தது, இதைப் பலரும் சொல்வதில்லை. ஒவ்வொரு முறையும் பந்தை வைக்கிற இரண்டு வரிசைக் கோடுகளை 1972இல் மைதானத்தின் நடுவை நோக்கி நகர்த்தினார்கள். பந்து ஓரத்தில் ஒட்டிக் கிடக்காமல் நடுவில் வந்ததால் ஓடுகிறவர்களுக்கு இரண்டு பக்கமும் இடம் கிடைத்தது. அந்த சீசனில் லீக் முழுவதும் பத்து பேர் ஆயிரம் யார்டை எட்டினார்கள். காற்று எல்லோருக்கும் ஒரே பக்கம்தான் அடித்தது, பாயை ஒழுங்காக விரித்தது மியாமி.

அந்த ஓட்டக்காரர்களுக்கு வழி போட்டது யார்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஓடுகிறவரின் பெயர்தான் பேப்பரில் வரும், முன்னால் நின்று எதிரிகளை இடித்துத் தள்ளி வழி உண்டாக்கும் ஐந்து பேரை யாரும் பார்ப்பதில்லை. மியாமியின் அந்த ஐந்து பேரும் பிறர் வேண்டாம் என்று கழித்த சரக்கு. லாரி லிட்டிலை டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை, சான் டியேகோ சேர்த்துக்கொண்டு பிறகு மியாமிக்குத் தள்ளிவிட்டது. ஜிம் லாங்கரை கிளீவ்லேண்ட் கழற்றிவிட்டது. பாப் கூச்சன்பெர்க் ஒரு சின்ன லீக்கில் ஆடிக்கொண்டிருந்தவர். நார்ம் எவன்ஸ் ஹூஸ்டன் விட்டுக்கொடுத்த ஆள், வெய்ன் மூர் சான் ஃபிரான்சிஸ்கோ வேண்டாம் என்ற ஆள். இந்த ஐவரில் லிட்டிலும் லாங்கரும் பிற்காலத்தில் தலைசிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் போய் உட்கார்ந்தார்கள். என்னைக் கேட்டால் அந்த சீசனின் உண்மையான கதை இதுதான், அடுத்தவன் தூக்கிப் போட்டதை எடுத்துத் துடைத்து வைத்து ஆடிய கதை.

"பெயரில்லாத தற்காப்பு" என்று ஏன் பட்டம்?

டாலஸ் பயிற்சியாளர் டாம் லாண்ட்ரி, மியாமியின் தற்காப்பு வீரர்களின் பெயர்கள் தனக்கு நினைவில் வரவில்லை என்று சூப்பர் பவுல் 6க்கு முன்னால் சொல்லிவைத்தார். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. அவமானமாக வந்த பெயரை இவர்கள் பட்டமாக மாட்டிக்கொண்டார்கள்.

பெயர்கள் இருந்தன, நல்ல பெயர்கள்: நிக் போனிகான்டி, மானி ஃபெர்னாண்டஸ், பில் ஸ்டான்ஃபில், ஜேக் ஸ்காட், டிக் ஆண்டர்சன். இவர்களை வைத்துத் திட்டம் போட்டவர் பில் ஆர்ன்ஸ்பார்கர். வழக்கமாக நான்கு பேர் நிற்கும் முன்வரிசையில் மூன்று பேரை மட்டும் நிறுத்தி, நான்காவதாக பாப் மாதேசன் என்பவரைப் பின்னால் தளர்வாக நிற்க வைப்பார். மாதேசன் பாய்ந்து குவார்ட்டர்பேக்கை அமுக்கலாம், அல்லது பின்னால் போய்ப் பந்தைத் தடுக்கலாம், எது என்று எதிரணிக்குக் கடைசி நொடிவரை தெரியாது. அவர் சட்டை எண் 53, அதனால் அந்த முறைக்கே "53" என்று பெயர். 14 ஆட்டத்தில் விட்டுக்கொடுத்தது 171 புள்ளிதான், மூன்று ஆட்டத்தில் பூஜ்யம். எடுத்தது 385. அதிகம் எடுத்ததும் குறைவாகக் கொடுத்ததும் லீக்கிலேயே இவர்கள்தான்.

நடுவில் முக்கிய ஆட்டக்காரரே அடிபட்டுவிட்டாராமே?

ஆமாம், அக்டோபர் 15, ஐந்தாவது ஆட்டம், சான் டியேகோவுக்கு எதிராக. கிரீஸி பந்தை எறிந்த கையோடு இரண்டு பெரிய ஆட்கள் வந்து விழுந்தார்கள். காலெலும்பு முறிந்து, கணுக்கால் பிசகிவிட்டது. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். சரி, கதை முடிந்தது என்றுதான் அரங்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஓரத்திலிருந்து எழுந்து வந்தவர் ஏர்ல் மோரல். வயது 38. ஒட்ட வெட்டிய கிராப்பு, எழுபதுகளின் நீள முடிக்காரர்களுக்கு நடுவே யாருடைய அப்பாவோ தவறி மைதானத்துக்குள் வந்துவிட்டது போல இருப்பார். அந்த வருஷம்தான் பால்டிமோர் அவரை விடுவித்தது, மியாமி கட்டிய தொகை 100 டாலர். எழுத்துப் பிழை இல்லை, நூறு டாலர்.

இவருக்கும் ஷூலாவுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1968இல் பால்டிமோரில் ஷூலாவின் கீழ் ஆடி, காயம்பட்ட ஜானி யுனைட்டஸின் இடத்தில் இறங்கி லீக்கின் சிறந்த வீரர் விருதே வாங்கியவர் மோரல். அந்த சீசனின் முடிவில்தான் ஜெட்ஸிடம் தோற்ற அந்த சூப்பர் பவுல். முதல் பாதி முடியும் நேரம், ஜிம்மி ஓர் என்ற ஆட்டக்காரர் எல்லைக் கோட்டருகே பக்கத்தில் யாருமே இல்லாமல் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிடுகிறார். மோரல் கண்ணில் அவர் படவே இல்லை. வேறு பக்கம் எறிந்து இன்டர்செப்ஷன். அந்த ஒரு வீச்சுதான் வருஷக்கணக்கில் அவரை விடாமல் துரத்தியது. 1972இல் அவரை மறுபடி எடுக்கச் சொன்னதே ஷூலாதான்.

மோரல் வந்தார், அந்த ஆட்டம் 24-10. அடுத்து வந்த ஒன்பது வழக்கமான ஆட்டங்களையும், இரண்டு பிளே ஆஃப் ஆட்டங்களையும் தொடங்கியவர் அவரே. கிரீஸி மாதிரி அழகாக எறிய மாட்டார், அவசரப்படவும் மாட்டார்.

எந்த ஆட்டத்தில் தோற்கப் பார்த்தார்கள்?

பல ஆட்டத்தில். பதினேழும் அல்வா சாப்பிட்ட மாதிரி ஜெயித்தார்கள் என்று நினைப்பவர்கள் ஸ்கோரை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்.

மூன்றாவது ஆட்டம், மினசோட்டாவில். கடைசிக் கால்பகுதியில் 14-6 பின்தங்கல். காரோ யெப்ரேமியன் 51 யார்டிலிருந்து ஓர் உதை, 14-9. அப்புறம் ஒன்றரை நிமிஷம் இருக்கும்போது கிரீஸி ஜிம் மாண்டிச்சுக்கு எறிந்த சின்னப் பந்து, 16-14. ஆறாவது ஆட்டம், பஃபலோ, 24-23, ஒரே புள்ளி. இதில் மானி ஃபெர்னாண்டஸ் செய்தது திருட்டு என்றே சொல்லலாம்: எதிரணிக் குவார்ட்டர்பேக் பந்தைத் தன் ஓட்டக்காரரிடம் நீட்டுகிறார், ஓட்டக்காரர் வாங்குவதற்குள் ஃபெர்னாண்டஸ் உள்ளே புகுந்து தானே வாங்கிக்கொண்டார்! பத்தாவது ஆட்டம் ஜெட்ஸோடு 28-24. அதில் மோரலே பந்தை எடுத்துக்கொண்டு 31 யார்டு ஓடி டச் டவுன் போட்டார். 38 வயதில். அவரை ஏன் யாரும் பிடிக்கவில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை, ஒருவேளை அவர் ஓடுவார் என்று யாருமே நம்பவில்லையோ என்னவோ.

நடுவில் நியூ இங்கிலாந்தை 52-0 என்று துவைத்த ஆட்டமும் உண்டு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

தோற்காத அணி, பிளே ஆஃபை ஏன் வெளியூரில் போய் ஆடியது?

நியாயமான கேள்வி. அப்போது அதிகம் ஜெயித்த அணிக்கு உள்ளூர் மைதானம் என்ற முறை கிடையாது, பிரிவுகளுக்கிடையே சுழற்சி முறை. அதனால் முதல் பிளே ஆஃப் மட்டும் மியாமியின் ஆரஞ்சு பவுலில், டிசம்பர் 24, கிளீவ்லேண்டுடன். அதிலும் கடைசியில் 14-13 பின்தங்கி, ஜிம் கிக் 8 யார்டு ஓடிப் போட்ட டச் டவுனால் 20-14. பார்த்தீர்களா, கிக்.

அடுத்தது டிசம்பர் 31, பிட்ஸ்பர்கில். எதிரே ஸ்டீலர்ஸ், ஒரு வாரத்துக்கு முன்னால்தான் ஃபிராங்கோ ஹாரிஸ் தரையில் விழப்போன பந்தை அள்ளிக்கொண்டு ஓடி ஓக்லண்டைத் தோற்கடித்த அந்தப் பிரசித்தமான காட்சி நடந்திருந்தது, ஊரே கொண்டாட்டத்தில். மியாமி 7-0 பின்னால். முன்னேற முடியாமல், பந்தைத் தூரமாக உதைத்து எதிரணிக்கே கொடுத்துவிட வேண்டிய நிலைமை. உதைக்க வந்த லாரி சைப்பிள், தன்னைத் தடுக்க வரவேண்டியவர்கள் எல்லாரும் முதுகைக் காட்டித் திரும்பி ஓடுவதைப் பார்க்கிறார். உதைக்கவில்லை. பந்தோடு அவர்கள் பின்னாலேயே ஓடினார். 37 யார்டு! எதிரணிக்காரர்களில் சிலருக்கு அவர் பக்கத்தில் வந்தபிறகுதான் விஷயமே தெரிந்தது. சைப்பிள் மட்டும் மாட்டியிருந்தால் 16-0, 17-0 எதுவும் இல்லை, ஷூலா அவரை என்ன செய்திருப்பார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சில நிமிஷத்தில் 7-7.

இடைவேளையில் ஷூலா கிரீஸியிடம் ஆடத் தயாரா என்று கேட்டார். தயார் என்றார். மோரலை உட்கார வைத்து, பத்து வாரம் பெரிதாக ஆடாத கிரீஸியை இறக்கினார். வந்த கொஞ்ச நேரத்தில் வார்ஃபீல்டுக்கு 52 யார்டு பந்து. அதன்பின் கிக் ஒன்று, மறுபடி கிக் இன்னொன்று, 21-17.

சூப்பர் பவுலில் மோரலை உட்கார வைத்தது அநியாயம் இல்லையா?

இதில் இன்றைக்கும் சண்டை போடுகிறவர்கள் உண்டு. அணியை இதுவரை தூக்கிக்கொண்டு வந்தவர் மோரல், கடைசி ஆட்டத்தில் தொடங்கியவர் கிரீஸி. எனக்கும் மோரல் மேல்தான் பாசம். ஆனால் பயிற்சியாளர் இடத்தில் நின்று பார்த்தால், பிட்ஸ்பர்கில் இரண்டாம் பாதியில் என்ன மாறியது என்பதைப் பார்த்த பிறகு வேறு முடிவு எடுத்திருக்க முடியாது. மோரல் ஒத்துக்கொண்டாரா என்றால் இல்லை, ஏற்றுக்கொண்டார். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

இறுதி ஆட்டம் எப்படிப் போனது?

1973 ஜனவரி 14, லாஸ் ஏஞ்சலிஸ் கொலீசியம், 90,182 பேர், வெயில் 29 டிகிரி. எதிரே ஜார்ஜ் ஆலனின் வாஷிங்டன் ரெட்ஸ்கின்ஸ். 16 ஆட்டம் தோற்காமல் வந்திருந்தும் பந்தயக்காரர்கள் வாஷிங்டனைத்தான் மயிரிழை முன்னால் வைத்திருந்தார்கள்.

உண்மையைச் சொன்னால் ஆட்டம் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். கிரீஸி மொத்தம் எறிந்ததே 11 தடவை, 8 சேர்ந்தது. ஹாவர்ட் ட்விலிக்கு 28 யார்டு டச் டவுன் ஒன்று. போனிகான்டியின் இன்டர்செப்ஷனுக்குப் பிறகு கிக் ஒரு யார்டிலிருந்து இன்னொன்று. மீதியெல்லாம் சோங்கா 112 யார்டு உழுதது. தற்காப்பில் ஃபெர்னாண்டஸ் அன்றைக்கு நடுவில் நின்று வந்தவனையெல்லாம் விழுங்கினார், சிறந்த வீரர் விருது அவருக்குத்தான் போயிருக்க வேண்டும் என்பது என் கட்சி. கொடுத்தது இரண்டு இன்டர்செப்ஷன் எடுத்த ஜேக் ஸ்காட்டுக்கு.

அதில் ஒன்று கடைசிக் கால்பகுதியில். அதற்குச் சற்று முன்னால் வாஷிங்டனின் பில்லி கில்மர், தனியாக நின்ற ஜெர்ரி ஸ்மித்துக்கு எறிந்த பந்து நேராகப் போய் கோல் கம்பத்தில் பட்டது. அந்தக் காலத்தில் கம்பங்கள் எல்லைக் கோட்டின் மேலேயே நிற்கும், பின்னால் தள்ளி வைத்ததெல்லாம் 1974இல். கம்பம் மியாமிக்கு ஒரு தற்காப்பு ஆள் போல வேலை செய்தது. அப்புறம் கில்மர் எறிந்ததை ஸ்காட் எல்லைக்குள்ளேயே பிடித்து 55 யார்டு வெளியே கொண்டுவந்தார்.

அந்தக் குட்டை உதையாளர் என்ன செய்தார்?

எல்லோரும் சிரிக்கிற அந்தக் காட்சி. காரோ யெப்ரேமியன், சைப்ரஸில் பிறந்த ஆர்மீனியர், தலை வழுக்கை, இடது கால் உதை, அமெரிக்கா வரும்வரை இந்த விளையாட்டையே பார்த்தறியாதவர், பக்கத்தொழிலாக நெக்டை தயாரித்து விற்றவர். 14-0 என்று மியாமி முன்னால். இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல் மிச்சம். 42 யார்டு உதை. உள்ளே போனால் 17-0. சீசனும் 17-0, ஸ்கோரும் 17-0, யாரோ கதை எழுதி வைத்த மாதிரி இருந்திருக்கும்.

உதை தாழ்வாகப் போய் பில் பிரண்டிஜ் கையில் பட்டுத் திரும்புகிறது. பந்து துள்ளித் துள்ளி காரோவிடமே வருகிறது. அவர் செய்ய வேண்டியது அதன்மேல் படுத்துக்கொள்வது மட்டும்தான். படுக்கவில்லை. எடுத்து, குவார்ட்டர்பேக் மாதிரி கையை ஓங்கி, எறிந்தார். பந்து முன்னால் போகவில்லை, கையிலிருந்து வழுக்கி நேர் மேலே போனது. பதறிப்போய் கீழே வந்த பந்தை இன்னொரு தட்டு தட்டினார், வாலிபால் மாதிரி, அது மறுபடி மேலே. அதை வாஷிங்டனின் மைக் பாஸ் காற்றிலேயே பறித்துக்கொண்டு 49 யார்டு ஓடி டச் டவுன். 14-7. எங்கிருந்தோ ஆட்டம் உயிர் பெற்றுவிட்டது.

அடுத்த இரண்டு நிமிஷம் காரோ ஓரத்தில் நின்ற கோலத்தை யாரும் பொறாமைப்பட மாட்டார்கள். மியாமி நேரத்தைக் கழிக்கப் பார்த்து முடியாமல் பந்தை உதைத்துக் கொடுத்தது, வாஷிங்டனுக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் கிடைத்தது, ஆனால் பெயரில்லாதவர்கள் கில்மரை அமுக்கி முடித்தார்கள். பிற்காலத்தில் காரோ இந்தத் தவறைத் தானே மேடைகளில் சொல்லிச் சிரிக்க வைத்துச் சம்பாதித்தார். மனுஷன் கெட்டிக்காரர்.

ஆட்டம் முடிந்ததும் ஷூலாவைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்களே அந்தப் படத்தில் ஒரு சங்கதி உண்டு. கூட்டத்தில் ஒரு பையன் கைகொடுக்கிற சாக்கில் அவர் கைக்கடிகாரத்தை உருவிக்கொண்டான். ஷூலா தோளிலிருந்து குதித்துத் துரத்திப் போய்க் கடிகாரத்தை மீட்டுக்கொண்டு வந்தார். சூப்பர் பவுல் ஜெயித்த அரை நிமிஷத்தில்.

மியாமி மக்கள் இதையெல்லாம் டிவியில் பார்த்தார்களா?

உள்ளூர் ஆட்டங்களைப் பார்க்கவில்லை! டிக்கெட் விற்பனை கெட்டுவிடும் என்று, எந்த ஊரில் ஆட்டமோ அந்த ஊரைச் சுற்றி ஒளிபரப்பு கிடையாது. அரங்கம் நிரம்பியிருந்தாலும் இதே கதைதான். 1973இல்தான் சட்டம் வந்து இது தளர்ந்தது.

சுலபமான எதிரணிகளாகக் கிடைத்தன என்பது உண்மையா?

உண்மை. வழக்கமான 14 ஆட்டத்தில் தோல்வியைவிட வெற்றி அதிகம் வைத்திருந்த எதிரணிகள் இரண்டே, கான்சஸ் சிட்டியும் நியூயார்க் ஜயண்ட்ஸும், இரண்டும் 8-6. இதை மறைக்க வேண்டியதில்லை. அதற்காக என்ன செய்வது, அட்டவணை போடுவது அவர்களா? சுலபமான அட்டவணை எத்தனையோ அணிகளுக்குக் கிடைத்திருக்கிறது, அவை எங்கோ ஒரு சோம்பலான ஞாயிற்றுக்கிழமை வழுக்கி விழுந்தன. பிளே ஆஃபில் வந்தவர்கள் 10-4, 11-3, 11-3 அணிகள். அவர்களையும் ஜெயித்தார்கள். எல்லாக் காலத்திலும் மிகச் சிறந்த அணி இதுதானா என்று கேட்டால் நான் ஆமாம் என்று சொல்ல மாட்டேன், 1973 மியாமியே இதைவிடக் கொஞ்சம் நல்ல அணி என்று தோன்றும். தோற்கவில்லை என்பது வேறு விஷயம்.

வேறு யாரும் கிட்டே வரவில்லையா?

வந்தார்கள். சிகாகோ பேர்ஸ் 1934இல் 13-0, இறுதியில் உறைந்த தரையில் வழுக்கி நியூயார்க் ஜயண்ட்ஸிடம் தோற்றது. நியூயார்க்காரர்கள் இடைவேளையில் ரப்பர் ஷூ வரவழைத்து மாட்டிக்கொண்டார்கள். 1942இல் மறுபடி 11-0, மறுபடி இறுதியில் தோல்வி. 1985இல் சிகாகோ 12-0 என்று மியாமிக்கு வந்தது, டிசம்பர் 2, திங்கள் இரவு. பழைய 72 ஆட்கள் ஓரத்தில் வந்து நின்றார்கள், ஷூலாதான் அப்போதும் பயிற்சியாளர், 38-24. சிகாகோ அந்த வருஷம் தோற்றது அந்த ஒரு ஆட்டம்தான். 2007 நியூ இங்கிலாந்து 18-0 வரை போய், கடைசியில் ஜயண்ட்ஸிடம் 17-14.

ஒவ்வொரு சீசனிலும் தோற்காமல் மிஞ்சிய கடைசி அணியும் தோற்றால், பழைய 72 வீரர்கள் ஷாம்பெய்ன் உடைப்பார்களாமே?

ஊதிப் பெரிதாக்கிய கதை. பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்த ஒரு சிலர் சில வருஷம் கிளாஸ் தட்டியது உண்மை, நாடு முழுக்க ஒரே நேரத்தில் மூடி திறக்கிறார்கள் என்பதெல்லாம் சும்மா. ஆனாலும் கொஞ்சம் குரூர சந்தோஷம் அவர்களுக்கு இருந்திருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை.

கோப்பை ஜெயித்த அணியை ஜனாதிபதி அழைத்துப் பாராட்டுவாரே, இவர்கள் வெள்ளை மாளிகைக்குப் போகவே இல்லையா?

போனார்கள், 41 வருஷம் கழித்து, 2013 ஆகஸ்டில், ஒபாமா அழைத்து. அரசியல் பிடிக்காமல் மூன்று பேர் வரவில்லை.

பிறகு அவர்கள் என்ன ஆனார்கள்?

அடுத்த வருஷமும் கோப்பை. அப்புறம் 1974இல் சோங்கா, கிக், வார்ஃபீல்ட் மூவரும் என்.எஃப்.எல்.லுக்குப் போட்டியாகப் புதிதாக முளைத்த ஒரு லீக்குக்கு 35 லட்சம் டாலருக்குக் கையெழுத்துப் போட்டார்கள், 1975இல் போய்ச் சேர்ந்தார்கள், அந்த லீக் அதே வருஷம் மூடிக்கொண்டது.

அதன் பிறகுள்ள கதை அவ்வளவு சந்தோஷமானதல்ல. தலையோடு தலை மோதியதற்கு உடம்பு வட்டி கேட்டது. 2014இல் இறந்த மோரலின் மூளையைப் பரிசோதித்தபோது, திரும்பத் திரும்ப அடிபட்டதால் வரும் சி.டி.இ. என்ற நோய் மிகக் கடுமையான கட்டத்தில் இருந்தது தெரிந்தது. போனிகான்டி கடைசிக் காலத்தில் சட்டை மாட்டவே திணறினார், தன் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுப்பதாக 2017இல் அறிவித்து, 2019இல் போய்ச் சேர்ந்தார். கிக் மறதி நோயோடு கடைசி வருஷங்களைக் கழித்து 2020இல். ஷூலாவும் 2020இல்தான், 90 வயதில். பழைய படத்தில் சோங்கா ஒருவர்மேல் ஏறிப் போவதைப் பார்த்து நான் கைதட்டுவது உண்டு, இப்போதெல்லாம் தட்டிவிட்டு ஒரு நொடி சங்கடமாக இருக்கிறது.

கடைசியில் யாரிடம்தான் தோற்றார்கள்?

1973 சீசனின் முதல் ஆட்டத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவை ஜெயித்து, தொடர் வெற்றி 18 ஆனது. இரண்டாவது வாரம், செப்டம்பர் 23, ஓக்லண்ட் ரெய்டர்ஸ். ஓக்லண்ட் மைதானத்தில் பேஸ்பால் நடந்ததால் பக்கத்து பெர்க்லியில் பல்கலைக்கழக அரங்கத்தில் ஆடினார்கள். ஸ்கோர் 12-7. ஓக்லண்ட் ஒரு டச் டவுன்கூடப் போடவில்லை, நான்கு ஃபீல்ட் கோல், நான்கையும் உதைத்தவர் ஜார்ஜ் பிளாண்டா. ஆறு நாளைக்கு முன்னால்தான் அவருக்கு 46 வயது முடிந்திருந்தது. மோரலைவிட ஏழு வயசு மூத்தவர்.